புகார் திறந்திருக்கும்வரை

மெத்தைக்கடைக்காரர் தன் மச்சானோடு பேச்சை நிறுத்தியது தன் கல்யாண மேடையிலேயே. பெண்ணை எடுத்த கையோடு பெண்ணின் அண்ணனைப் பகைத்துக்கொண்டவர் என்று அன்றைக்கு வந்த பெயர், தலை நரைத்த பிறகும் போகவில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள் வரிசையாக ஏறி, கை குலுக்கி, போட்டோவுக்குச் சிரித்து, இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணின் அண்ணன் பக்கத்திலிருந்த யாரிடமோ, "மெத்தை விக்கிறவருக்குப் பொண்ணு குடுத்தோம், மேடையிலயே சரக்கு எப்படின்னு தூங்கிக் காட்டுறாரு" என்று சொல்லியிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அது மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது.

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது மச்சானின் கட்சி. நான் தூங்கவே இல்லை, தூங்கியிருந்தால் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்பது மெத்தைக்கடைக்காரரின் கட்சி. இரண்டு கட்சிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கல்யாணப் பெண் ஒருத்திதான். அவளைக் கேட்டால், அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்ததைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்பாள். அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுப்பவள் என்று நல்ல பெயர். வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பக்கத்துச் சேதியை எடுத்து அந்தப் பக்கம் வலிக்காமல் சேர்த்தே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டாள்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யார் வண்டி ஓட்டினாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருந்தாக வேண்டும் என்று பழகிப்போனவர். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் அத்தைக்குப் போன் செய்து, மாமா வந்து முன்னால் நிற்காவிட்டால் எனக்கு அது கல்யாணமாகவே இருக்காது என்று அழுதுவிட்டாள். மெத்தைக்கடைக்காரருக்கு அவள் மேல் உயிர். போக வேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் அண்ணன்காரர் மன்னிப்புக் கேட்காமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று ஊரறியச் சொன்ன வாய், அதற்குக் குறுக்கே நின்றது.

கடைசியில் மச்சானே ஒரு வழி சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எடுத்த வீடியோ நாடா ஒன்று அவர் வீட்டுப் பரணில் இருந்தது. அதை ஒரு கடையில் கொடுத்துக் கணினியில் பார்க்கிற மாதிரி மாற்றி வாங்கிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, எல்லோரும் சேர்ந்து பார்ப்பது. தான் அப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லார் முன்னாலும் மன்னிப்பு. சொல்லியிருக்காவிட்டால், மெத்தைக்கடைக்காரர் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தி முடிகிறவரை நிற்க வேண்டும். மெத்தைக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். எப்படிப் பார்த்தாலும் கல்யாணத்துக்குப் போய்விடலாம் என்ற கணக்கு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு சிக்கல். நாடாவை மாற்றிக் கொடுத்த கடை, 'பளிங்கு' என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அதனால் அந்தப் படம் பளிங்கு என்ற மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். வேறு எதில் போட்டாலும் வாயைத் திறக்காது.

ஒரு மதிய நேரம், கடையை வேலைக்காரப் பையன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து, மெத்தைக்கடைக்காரர் பளிங்கைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தார். திரையில் ஒரு பச்சைக்கோடு நகர்ந்தது. ஏறக்குறைய முழுவதும் நகர்ந்து, இதோ முடிந்தது என்கிற இடத்தில் நின்றது. சிரித்த முகம் ஒன்று தோன்றி, "ஏதோ சரியில்லை. ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை" என்றது. கீழே, கவலைப்படுகிறவர்கள் அழைக்க வேண்டிய எண்.

அவர் அழைத்தார். காத்திருப்பு இசையெல்லாம் முடிந்த பிறகு, தேன் தடவிய குரலில் ஓர் உதவிப்பெண் வந்தாள். அவருடைய நாள் அருமையாகப் போய்க்கொண்டிருக்கும் என்று தான் நம்புவதாகச் சொன்னாள். கணினி அவர் பக்கத்தில்தான் இருக்கிறதா, அது அவருடையதுதானா, அதோடு அவருக்கு எத்தனை நாள் பழக்கம் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு அதை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். போட்டார்.

"இப்போ எப்படி சார் இருக்கு?"

கணினியைக் கேட்கிறாளா தன்னைக் கேட்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "கொஞ்சம் பசிக்குது" என்றார்.

முன்னேற்றம் தெரிகிறது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு செய்வது கேட்டது. மறுமுனை வைக்கப்பட்ட உடனே அவருக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?

அவர் அவசரமாகப் பச்சைக்கோட்டைப் பார்த்தார். அது அதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடி அழைத்து, இன்னும் ஏறவில்லையே அம்மா என்றார். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"புகாரைத் தீர்த்தாச்சு சார். பிரச்சினையைத் தீர்க்கிறது வேற டிபார்ட்மென்ட்."

அந்த வேறு டிபார்ட்மென்டுக்குப் பிரச்சினைத் துறை என்றே பெயர். அங்கே இருந்தவர் கனத்த குரல்காரர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறவர் என்பது குரலிலேயே தெரிந்தது. பளிங்கு ஏன் ஏறவில்லை என்று பார்க்க வேண்டுமானால் தனக்கு அவருடைய திரை தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் 'பளிங்குக் கண்' என்ற இன்னொரு மென்பொருளை ஏற்ற வேண்டும் என்றார். மெத்தைக்கடைக்காரர் ஏற்றினார். பச்சைக்கோடு நகர்ந்து, அதே இடத்தில் நின்று, அதே முகம் அதே சிரிப்புச் சிரித்தது. அதைச் சொன்னபோது கனத்த குரலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் நிறுவனத்தின் தரம் எல்லாத் தயாரிப்பிலும் ஒரே சீராக இருக்கிறது என்று அர்த்தமாம்.

மறுநாள் அவரே அழைத்து, தீர விசாரித்துவிட்டதாகச் சொன்னார். நிறுவனத்தின் பதிவுப்படி, பளிங்கு அந்த வீட்டில் ஏற்கனவே ஏறி, அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம்கூட யாரோ உட்கார்ந்து முழுப் படம் ஒன்று பார்த்திருக்கிறார்கள்.

"நேத்து சாயங்காலம் நான் கடையில இருந்தேன்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

"அப்படின்னா வேற யாரோ பார்த்திருக்காங்க. அதை நீங்க குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கணும் சார். நாங்க அதுல தலையிடக்கூடாது."

அன்று வேலை முடிந்து வந்த மனைவியை அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதிரி பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்டதும், ஒன்றுமில்லை என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஏற்கனவே இருப்பதை நீக்கிவிட்டுத்தான் புதிதாக ஏற்ற முடியும் என்பது விதி. நீக்குவது சுலபம்தான். பளிங்கைத் திறந்து அதன் உள்ளே இருக்கும் 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

வேறு வழி தெரியாமல் அவர் 'பளிங்குக் குடும்பம்' என்ற இணையப் பக்கத்துக்குப் போனார். வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதற்காக நிறுவனம் நடத்தும் பக்கம் அது. உதவி செய்கிற வேலையை இப்படி வாடிக்கையாளர்களிடமே ஒப்படைத்ததற்காக நிறுவனத்துக்கு ஏதோ விருதுகூடக் கிடைத்திருந்தது. அங்கே 'பொறுமைசாலி' என்ற புனைபெயரில் ஒருவர் இதே கேள்வியை எப்போதோ கேட்டிருந்தார். கேட்டபோது மனைவி பிரசவத்துக்குப் போயிருப்பதாகவும், குழந்தை வந்ததும் பாட்டுப் போட்டுக் காட்ட ஆசை என்றும் எழுதியிருந்தார். இப்போது அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகிறதாம். இடையில் அவருக்கு 'மூத்த உறுப்பினர்' பட்டம் வழங்கப்பட்டிருந்தது. கேள்விக்குக் கீழே இன்னொருவர், "எனக்கும் இதே பிரச்சினை, நன்றி" என்று எழுதியிருந்தார். நிறுவனம் அதைத்தான் சிறந்த பதில் என்று தேர்ந்தெடுத்து மேலே ஏற்றி வைத்திருந்தது.

மெத்தைக்கடைக்காரர் தயங்கித் தயங்கி, "எனக்கும்" என்று எழுதினார். உடனே அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் முளைத்தது. எரிச்சலாக இருந்தாலும், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மச்சான் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். கூடத்தில் கணினிக்கு இந்தப் பக்கம் மெத்தைக்கடைக்காரர், அந்தப் பக்கம் மச்சான். நடுவில் அவள். பேச்சு இன்னும் அவள் வழியாகத்தான் போய்வந்தது.

படத்தைப் போடச் சொல்லு என்றார் அண்ணன். இன்னும் ஏறவில்லை என்று சொல்லு என்றார் கணவர். ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார். அது அவள் வழியாகப் போகாமல் நேராகவே போய்ச் சேர்ந்தது. மெத்தைக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, பிரச்சினைத் துறையை அழைத்தார். பொய்யா நிஜமா என்று கேட்கிறவர் தன் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த முறை ஒரு மேற்பார்வையாளர் வந்தார். மெத்தைக்கடைக்காரர் முதலிலிருந்து சொன்னார். நடுநடுவே மச்சான், "அவர் பச்சைக்கோடு எங்க நின்னுச்சுன்னு சொல்லலன்னு சொல்லுங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். அதற்கு மெத்தைக்கடைக்காரர், "நான் சொல்லிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். மேற்பார்வையாளர் பயிற்சி பெற்றவர். இரண்டு பக்கத்துச் சேதியையும் ஒரு சொல் விடாமல் இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னார். தன் வேலையைத் தொலைபேசி பறித்துக்கொண்டதைப் பார்த்து அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் கேட்டு முடித்த மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், எங்க பக்கத்துல எல்லாம் சரியா இருக்கு. சில வாடிக்கையாளர்கள் இருக்காங்க. வயசாகும், வீட்டுல பேச்சுத்துணை இருக்காது, யாராவது நம்மைக் கவனிக்கணும்னு தோணும். அதனால இப்படி ஏறலை, ஓடலைன்னு சொல்றது உண்டு. அதை நாங்க பொய்னு சொல்றதில்லை. அதுக்குத் தனிப்பிரிவு இருக்கு. உங்களை அதுல சேர்த்துடவா?"

மச்சானின் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது.

"ஹலோ, யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க? எங்க மாப்பிள்ளை பொய் சொல்றவர் இல்ல. கோபக்காரர், பிடிவாதக்காரர், விட்டுக்குடுக்கவே தெரியாதவர், அதெல்லாம் எங்க குடும்பத்துக்குள்ள. பொய் மட்டும் அவருக்கு வராது. ஏறலைன்னு அவர் சொன்னா ஏறலை."

'எங்க மாப்பிள்ளை' என்ற வார்த்தை அந்த வீட்டில் ஒலித்து எத்தனையோ வருடங்களாகியிருந்தன. சொன்னவருக்கே அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. போனில் மேற்பார்வையாளர் மட்டும், "அதையும் அவர்கிட்ட சொல்லணுமா சார்?" என்று பணிவாகக் கேட்டார்.

மெத்தைக்கடைக்காரர் போனை வைத்தார். எழுந்து இரண்டடி நடந்தார். பிறகு திரும்பி, "டீக்கு சர்க்கரை போடலாமா மச்சான்?" என்று கேட்டார்.

"குறைச்சுப் போடுங்க" என்றார் மச்சான்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பேச்சு வந்துவிட்டது என்பதற்காக வழக்கை விட்டுவிட முடியுமா? படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பதில் இருவரும் முதன்முறையாக ஒரே கட்சி. மறுநாளே பளிங்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போவது என்று தீர்மானமாயிற்று. மெத்தைகளை ஏற்றி இறக்குகிற வேனில் போனார்கள். மெத்தைக்கடைக்காரர் ஓட்ட, பக்கத்தில் மச்சான் வழி நெடுகத் தரையை மிதித்துக்கொண்டே வந்தார்.

அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனால், கண்ணுக்கெட்டியவரை காத்திருப்பவர்கள். சுவரில், 'நீங்கள் இங்கே காத்திருப்பதில்லை. எங்களோடு நேரம் செலவிடுகிறீர்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. மெத்தைக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் நாற்காலியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மேலே துணி, உள்ளே விரலளவு பஞ்சு, அதற்குக் கீழே வெறும் பலகை. சீக்கிரம் எழுந்து போகிறவர்களுக்காகச் செய்த இருக்கை இது மச்சான் என்று காதோடு சொன்னார். பக்கத்தில் ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்து, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆகும்போது அவர்களை வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறையின் தலைவர் அறைக்கு அனுப்பினார்கள். தலைவர் ஒல்லியான, நல்ல மனிதர். உண்மையிலேயே நல்ல மனிதர். தான் செய்வது நன்மை என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகிக்கொண்டு, அடிக்கடி நெளிந்துகொண்டிருந்தார்.

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். எங்களோட அதிகமா தொடர்புல இருக்கிற வாடிக்கையாளர்கள்ல நீங்க ஒருத்தர். சாதாரணமா ஒருத்தர் ஒரு மென்பொருளை வாங்கினா, ஏத்துவார், படம் பார்ப்பார், எங்களை மறந்துடுவார். உறவே இல்லை. உங்களைப் பாருங்க, தினமும் எங்களை நினைக்கிறீங்க."

தலைவர் சார் பளிங்கில் என்ன பார்ப்பீர்கள் என்று மச்சான் இடையில் கேட்டார்.

"நானா? நான் பார்க்கிறதில்லை. இந்த மாடியில யார் கம்ப்யூட்டர்லயும் அது கிடையாது. அது ஒரு கொள்கை. நாங்களே அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சா வாடிக்கையாளர் மேல எங்களுக்கு இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா நடுநிலை போயிடும்."

மெத்தைக்கடைக்காரருக்கு இது எந்த ஊர் நியாயம் என்று பிடிபடவில்லை. தன் கடையில் வாங்கிய மெத்தை குழி விழுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் தான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் படுத்துப் பார்ப்பது வழக்கம் என்று சொன்னார். படுத்தால்தானே தெரியும்.

தலைவருக்கு அதில் மெத்தை என்ற சொல் மட்டும் கேட்டது. முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக இடுப்பில் வலி, புது மெத்தை வாங்கியதிலிருந்துதான் என்றார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், காலையில் எழும்போது வலி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மெத்தைக்கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்டார். மெத்தையில் குறையில்லை, கட்டில் பலகை நடுவில் தொய்ந்திருக்கிறது, குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் சரியாகிவிடும் என்றார்.

தலைவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல பதில்தான். ஆனா பாருங்க, நீங்க சொல்லி முடிச்சுட்டீங்க. இனி நான் எதுக்கு உங்களைத் தேடி வரப்போறேன்? நம்ம உறவு இதோட முடிஞ்சுபோச்சே."

அந்தத் துக்கத்தோடேயே மெத்தைக்கடைக்காரரின் புகாரைத் திரையில் திறந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் பெருமிதம் படர்ந்தது. எல்லாம் விதிப்படி நடந்திருந்தது. மெத்தைக்கடைக்காரர் முதலில் முயன்ற அந்த மதியம் நிறுவனத்தின் சர்வர் சற்று நேரம் ஓய்வில் இருந்திருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முயன்றிருந்தால் தானாகவே ஏறியிருக்கும்.

"நான்தான் தினமும் முயற்சி பண்ணேனே" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

"அதுக்குள்ள நீங்க புகார் குடுத்துட்டீங்க. புகார் திறந்திருக்கிறவரைக்கும் அந்த வீட்டுக் கணக்குல எதையும் ஏற விடமாட்டோம். பிழை இருந்த இடத்துல அப்படியே கலையாம இருக்கணும். அப்பதானே எங்க ஆளுங்க ஆராய முடியும்?"

"ஆராய்ஞ்சாங்களா?" என்று மச்சான் கேட்டார்.

"திறந்திருக்கிற புகாரை ஆராயுறதில்லைங்க. மூடினதைத்தான் ஆராய்வோம். நாங்களும் ஒவ்வொரு தடவையும் மூடினோம். சார்தான் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணித் திறந்துட்டார்."

சுவர்க் கண்ணாடிக்கு வெளியே மாலை வெயில் நன்றாகத்தான் இருந்தது.

புகாரை நிரந்தரமாக மூடுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. தான் மகிழ்ச்சியாக இருப்பதாக வாடிக்கையாளர் துறைத்தலைவர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெத்தைக்கடைக்காரர் கண்ணை மூடித் திறந்து, "நான் மகிழ்ச்சியா இருக்கேன்" என்றார். முகத்திலும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது என்றார் தலைவர், மன்னிப்புக் கேட்கும் குரலில். மெத்தைக்கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மெத்தைக்கடைக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. மச்சானுக்கும். இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு மகிழ்ச்சியை நேரில் கண்டதில்லை என்று தலைவர் நெகிழ்ந்துபோனார்.

வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தியதும் பளிங்கு முணுமுணுக்காமல் ஏறியது. பச்சைக்கோடு எங்கேயும் நிற்கவில்லை. மச்சான் படத்தைத் திறந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மனைவி, புகார் திறந்திருக்கிறவரை எதுவும் ஏறாது என்று தலைவர் சொன்ன கதையை அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டபடி, கைப்பையைக்கூட வைக்காமல் நாற்காலியின் பின்னால் வந்து நின்றாள்.

படம் ஓடியது. சத்தம் வரவில்லை. ஒலிப்பெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள். மேடையும் விளக்கும் கூட்டமும் ஊமையாக நகர்ந்துகொண்டிருந்தன. அப்புறம் அந்த இடம் வந்தது.

மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். கண் கூசியதாலோ களைப்பாலோ ஒரு நொடி இமைத்தது என்று சொல்லித் தப்பிக்கிற தூக்கம் இல்லை. வாய் திறந்து, தாடை தொங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்த தூக்கம். பின்னால் நின்ற பெண்ணின் அண்ணன், கருகருவென்ற முடியோடு, பக்கத்திலிருந்தவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. நாலு பேர் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு கல்யாணப் பெண்ணும் சிரித்தாள்.

ஆனால் மெத்தைக்கடைக்காரர் பார்த்தது இன்னொன்றை. அந்த அண்ணனின் ஒரு கை முழுநேரமும் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் இருந்தது. சாய்கிறபோதெல்லாம் அது தாங்கி நிமிர்த்தியது. வாழ்த்த வந்தவர் ஒருவர் கை நீட்டியபோது, மாப்பிள்ளையின் முழங்கையை அதே கை மெதுவாக முன்னால் தள்ளிக் குலுக்க வைத்தது. தலை ஒரேயடியாகச் சரிந்த ஒரு சமயம், அண்ணன் தன் இடுப்பை நாற்காலியோடு ஒட்டி வைத்து முட்டுக்கொடுத்துக்கொண்டு, மற்றக் கையால் கேமராக்காரரை அந்தப் பக்கம் திருப்பும்படி சைகை காட்டினார். கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

திரையின் கீழே சிரித்த முகம் தோன்றியது. இந்தப் படத்துக்கு ஒலி இருப்பது கண்டறியப்பட்டுள்ளது, கூடிய விரைவில் அது தானாகவே ஏற்றப்படும் என்றது.

"வந்ததும் கேட்டுக்கலாம்" என்றார் மச்சான். குரலில் தெம்பில்லை.

மெத்தைக்கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கல்யாணத்துக்கு நாங்க எப்ப வரணும் மச்சான்?" என்று கேட்டார்.

"முந்தின நாளே வந்துடுங்க. வர்றவங்களுக்கு வாடகைக்கு எடுத்த மெத்தையெல்லாம் எப்படியிருக்குன்னு தெரியல. நீங்கதான் படுத்துப் பார்த்து..." சொல்லிக்கொண்டே வந்தவர், என்ன சொல்லிவிட்டோம் என்று திடுக்கிட்டு நிறுத்தினார்.

"பார்க்கிறேன். ஆனா மேடையில படுக்கமாட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

அவர்களைச் சிரிக்க விட்டுவிட்டு மனைவி போனோடு பின்பக்கத்து வராந்தாவுக்குப் போனாள். சற்றுக் கழித்து அவளைத் தேடிப் போன மெத்தைக்கடைக்காரர், கதவருகே நின்றுவிட்டார். அவள் முதுகைக் காட்டி நின்று, ரத்தம் எடுக்கும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, பளிங்குதான். படம் வருது, சத்தம் வரலை. புகாரா எழுதிக்குங்க... ஆமா, எங்க வீட்டுக் கணக்குலதான்... இல்லம்மா, தீர்த்துட்டோம்னு உடனே மூடிடாதீங்க. மூடினா நான் மறுபடி கூப்பிடுவேன். திறந்தே இருக்கட்டும், நல்லா ஆராயுங்க. எங்களுக்கு அவசரமே இல்ல."